நட்பு இருக்கை

ஆப்பிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர் மிகச் சிலரே. ஆதலின், 2006ஆம் ஆண்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர், ஹராரே நகரத்து மூதாட்டியர் 14 பேருக்குப் பயிற்சி அளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே மர இருக்கையில் அமர்ந்து, உள்ளம் சோர்ந்து வரும் இளைஞர் முதலியோரின் துயரை அவர்கள் பொறுமையுடன் கேட்பர்; 14 வினாக்களையும் வினவுவர். அவற்றுள் ஒன்று, உயிர்விடும் எண்ணம் உண்டோ என்பது. அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது, மனச்சுமையைக் குறைக்கும். ‘உண்டு’ என விடை வரின், மூதாட்டியர் அதனைத் தம்முள் மறைத்து வைப்பதில்லை. மேற்பார்வையாளருக்கு உடனே அறிவிப்பர்.

நண்பரின் மறைபொருளைக் காத்தல் நம் கடமையே. ஆயினும், உயிருக்கு இடர் நேருமிடத்து அதனைத் தக்க பெரியோரிடம் உரைப்பதே உண்மை நட்பாகும். மாணவர்களே! தோழர் ஒருவர் அவ்வாறு கூறின், அவரைத் தனியே விடாது, அப்பொழுதே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவியுங்கள்.