புதிய கருவியும் நூலகரின் உரைகல்லும்

கையெழுத்துப் பேரேடுகளிலிருந்து கணினிக்கு வங்கிகள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் பணியில் சேர்ந்தவர்கள் நாம். அந்நாட்களில் பேரேடும் கணினியும் சில காலம் இணையாகவே நடந்தன. மாலையில் இரண்டின் இருப்புத் தொகையும் ஒத்துப்போக வேண்டும். சிறு வேறுபாடு இருந்தாலும் காரணத்தைக் கண்டறியாமல் வீடு திரும்ப இயலாது. தொகையில் நேர்ந்த பிழையைவிடப் பெயரில் நேர்ந்த பிழையே நம்மை மிகவும் அலைக்கழித்தது. ஒருவரது பெயர் ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பதிவாகியிருந்தால், பணம் பத்திரமாக இருந்தும் கணக்கு அகப்படாது.

நூலகத்திலும் இதே பிழை நேர்வதுண்டு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கணக்கு அகப்படாவிட்டால் வாடிக்கையாளர் நம் மேசைக்கு வந்து கேட்பார். நூல் அகப்படாவிட்டால் வாசகர், 'இங்கு இல்லை போலும்' என்று எண்ணித் திரும்பிவிடுவார். முறையீடு எழாத பிழை திருத்தப்படுவதுமில்லை. எனவேதான், நூலகத்தில் நுழையும் ஒவ்வோர் இணையக் கருவியையும் நூலகப் பணியாளர்களே முதலில் பயன்படுத்திப் பார்த்து எடைபோட வேண்டும் என்கிறோம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தூரும் திருப்பதியுமே அதனைத் தருகின்றன.

காட்டூரிலிருந்து ஒரு கனவு

அன்றைய சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் என்னும் சிற்றூரில் 1937-இல் பிறந்தவர் ராஜ் ரெட்டி. கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் டூரிங் விருதை 1994-இல் மற்றோர் அறிஞருடன் பகிர்ந்து பெற்றார். உலகின் நூல்களையெல்லாம் எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்க வேண்டும் என்பது அவரது கனவு. முதற்படியாகப் பத்து இலட்சம் நூல்களை மின்வடிவில் ஆக்கும் திட்டம் உருவாயிற்று. அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் கல்வி நிறுவனங்கள் அதில் கைகோத்தன.

இத்திட்டத்தின் இந்தியப் பகுதியே இந்திய மின்னணு நூலகம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் அதனை ஒருங்கிணைத்தது. அதன் இணையதளத்தை 2003 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். நாட்டின் பல ஊர்களில் ஸ்கேன் மையங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் இயங்கியது. பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டன. 2007-இல் உலக அளவில் பத்து இலட்சம் என்ற இலக்கும் கடக்கப்பட்டது. மறுபதிப்புக் காணாத எத்தனையோ தமிழ், தெலுங்கு, சம்ஸ்கிருத நூல்கள் இன்று நமக்குக் கிடைப்பது அந்த உழைப்பால்தான். அதனை நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

எண்ணிக்கைக்கு அப்பால்

ஆயினும் பயன்படுத்திய வாசகர்கள் சில குறைகளை விரைவிலேயே உணர்ந்தனர். பக்கங்கள் படங்களாக இருந்தமையால் உள்ளிருக்கும் சொற்களைத் தேட இயலவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய விவரங்களைக் கொண்டே தேட வேண்டியிருந்தது. இந்திய மொழி நூல்களின் பெயர்களோ ஆங்கில எழுத்தில், ஒரே சீராக இல்லாமல், பதிவாகியிருந்தன. ஒரே ஆசிரியரின் பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடந்தது. சில நூல்களில் பக்கங்கள் விடுபட்டிருந்தன. தொடக்கத்தில், தனி மென்பொருள் ஒன்றை நிறுவிய பின்னரே பக்கங்களைக் காண முடிந்தது.

இவற்றுள் எதுவும் கணினி அறிவியலின் தோல்வியன்று. நூற்பட்டி தயாரிப்பவர் அன்றாடம் செய்யும் சரிபார்ப்பு, வேகத்திற்கும் எண்ணிக்கைக்கும் ஈடுகொடுக்கவில்லை என்பதே உண்மை. பின்னர் 2017-ஆம் ஆண்டளவில், பதிப்புரிமைச் சிக்கல்களால் அத்தளம் நூல்களை வழங்குவதையும் நிறுத்திற்று. பொதுநல ஆர்வலர்கள் இலட்சக்கணக்கான நூல்களை முன்பே பிரதியெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் சேர்த்திருந்ததால் அவை பிழைத்தன. ஒரே பெட்டகத்தில் வைத்த செல்வத்துக்கு ஒரு நாள் ஆபத்து வரும் என்பது வங்கியாளர் அறிந்த பாடம்.

பணியாளர் கற்க நேரம் வேண்டும்

கருவியை எடைபோட வேண்டியவர் பணியாளர் என்றால், அதற்கான பழக்கமும் நேரமும் அவருக்கு அளிக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகம் 2006-இல் இதனைச் செய்து காட்டியது. ஹெலன் பிளோவர்ஸ் என்னும் அலுவலர், அன்று புதிதாக வந்த இணையக் கருவிகளைக் கொண்டு 23 சிறு பயிற்சிகளை வகுத்தார். தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பணியாளர்கள் தம் போக்கில் ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்துத் தம் கருத்தை எழுதினர். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்பி3 கருவி பரிசாகக் கிடைத்தது. பிற நாடுகளின் நூலகங்களும் இம்முறையைப் பின்பற்றின.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலால் தன் பழைய மென்பொருள் பயனற்றுப்போகும் நிலை வந்தபோது, தன் தேவைக்கேற்ப ஒன்றை உருவாக்கச் செய்து, அதனை உலகுக்கே இலவசமாக வழங்கியது. 'கோஹா' என்னும் அம்மென்பொருள் இன்று இந்திய நூலகங்கள் பலவற்றில் இயங்குகிறது. ஐதராபாத்தில் உருவான 'நியூஜென்லிப்' மென்பொருளும் 2008 முதல் இவ்வாறே திறந்த மூலமாக வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளன்று. கணினி, இணைப்பு, பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.

ஐந்து சோதனைகள்

சித்தூர் வட்டார நூலகங்களுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. தெலுங்கும் தமிழும் உருதும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் வாசிக்கப்படும் நிலம் இது. 1953 வரை சென்னையோடு இணைந்திருந்தமையால், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்துக்குக் காரணமாயிருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. புதிய கருவிக்கு அதுவே இன்றும் உரைகல்.

அவ்விதியையும் வங்கி அனுபவத்தையும் சேர்த்து, செலவின்றிச் செய்யத்தக்க ஐந்து சோதனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, அலமாரியிலிருந்து நான்கு மொழிகளிலும் இருபது நூல்களை எடுத்து, கருவி அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தல். அந்தந்த எழுத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, கருவியை முன்பின் அறியாத முதியவர் ஒருவரையும் மாணவர் ஒருவரையும் அமர்த்தி, உதவாமல் அருகிலிருந்து கவனித்தல். மூன்றாவது, மின்சாரமோ இணைப்போ நின்றால் நூல் வழங்கும் பணி தொடருமா என்று சோதித்தல். நான்காவது, பதிவுகள் அனைத்தையும் முழுமையாக வெளியே எடுத்து வேறு மென்பொருளுக்கு மாற்ற முடிகிறதா என்று அறிதல். ஐந்தாவது, யார் எந்த நூலைப் படித்தார் என்ற விவரம் எவர் கண்ணில் படுகிறது என்று கேட்டல். வாசகரின் வாசிப்பும் வாடிக்கையாளரின் கணக்கைப் போல் மறைகாக்கத் தக்கதே. இவற்றில் தேறும்வரை பழைய அட்டைப் பட்டியலைப் பரணில் ஏற்ற வேண்டாம்.

வாடிக்கையாளப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. சொத்து வரியுடன் நாம் செலுத்தும் நூலக வரியே இந்நூலகங்களைத் தாங்குகிறது. அடுத்த முறை நூலகம் செல்லும்போது, அங்கு இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு நூலைக் கணினியில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிட்டால் பேசாமல் திரும்பிவிடாமல், நூலகரிடம் ஒரு சொல் கூறுங்கள். உங்களுக்குப் பின் அந்நூலைத் தேடி வருபவர் வெறுங்கையுடன் திரும்ப மாட்டார்.