மரநாய் பொறுக்கிய காப்பிக்கொட்டை



எங்கள் அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். அன்று டீக்கடையில் என் பழைய மாணவனின் மகன், "தாத்தா, ஒரு மிருகம் கழிச்சதிலிருந்து காப்பித்தூள் எடுக்கிறாங்களாமே, நிஜமா?" என்று கேட்டான். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்!

நிஜம்தான். அந்த மிருகம் உங்களுக்கும் தெரிந்ததே. ராத்திரியில் ஓட்டு வீட்டின்மேல் தடதடவென்று ஓடுமே, பனையில் ஏறிக் கலயத்தில் வாய் வைக்குமே, அந்த மரநாய்தான்! பெயரில் மட்டும்தான் நாய். நாய் இனமும் இல்லை, பூனை இனமும் இல்லை, புனுகுப்பூனைக்கு உறவு.

மரநாய்க்குப் பழம் என்றால் உயிர். காப்பித் தோட்டத்துக்குள் புகுந்தால் நன்றாகப் பழுத்த பழமாகத் தேடித் தின்னும். சதை செரித்துவிடும், கொட்டை அப்படியே வெளியே வந்துவிடும். அதைப் பொறுக்கி, பலமுறை கழுவி, தோல் நீக்கி, வறுத்துப் பொடியாக்குகிறார்கள். இந்தோனேசியாவில் இதன் பெயர் 'கோப்பி லூவாக்'. (இலங்கைத் தமிழர்களும் காப்பியைக் 'கோப்பி' என்றுதான் சொல்வார்கள்!) நம் பக்கத்துக் குடகிலும் இப்படிப் பொறுக்கிய கொட்டை விற்பனைக்கு வந்திருக்கிறது.

சுவை எப்படி மாறுகிறது? கனடா நாட்டு விஞ்ஞானி மாசிமோ மார்கோனே 2004-ல் ஆராய்ந்து சொன்னார். மரநாயின் வயிற்றில் சுரக்கும் செரிமான நீர் கொட்டைக்குள் ஊறி, அதிலுள்ள புரதத்தை உடைக்கிறது. அதனால் வறுக்கும்போது கசப்பு குறைகிறது. கொட்டையின் மேல் நுண்ணிய குழிகள்கூட விழுந்திருந்தனவாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு வருத்தம் தருவது. 1991-ல் டோனி வைல்டு என்ற வியாபாரி இந்தக் காப்பியை ஒரே ஒரு கிலோ இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பேர் பரவியது, விலை ஏறியது. காட்டில் தேடிப் பொறுக்க யாருக்குப் பொறுமை? மரநாய்களைப் பிடித்துக் கம்பிக் கூண்டில் அடைத்து, காப்பிப் பழத்தையே தீனியாகப் போட ஆரம்பித்தார்கள். பாலித் தீவில் 16 தோட்டங்களில் இப்படி அடைபட்டிருந்த சுமார் 50 மரநாய்களை ஆராய்ந்து 2016-ல் அறிக்கை வந்தது. படுக்க வசதியில்லை, உடம்பில் புண், சிலவற்றுக்குத் தண்ணீர்கூட இல்லை. வைல்டு மனம் நொந்து, 2013 முதல் தாம் கொண்டுவந்த காப்பிக்கு எதிராகத் தாமே பிரசாரம் செய்தார்!

யோசித்துப் பாருங்கள். தானாகத் தேடித் தேடிப் பழுத்ததைத் தின்றதால்தானே அதற்கு மவுசு? கூண்டில் போட்டதைத் தின்னும் மரநாய் எதைத் தேர்ந்தெடுக்கும்?

நம் நாட்டில் மரநாயைப் பிடித்து அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மாவட்டத்தில் சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் காப்பித் தோட்டங்கள் உண்டு. நம் ஊரிலோ அது தின்பது நாவலும் சப்போட்டாவும்தான். காலையில் மதில்மேலோ பாறைமேலோ கொட்டை கொட்டையாகக் கிடந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள். எந்த மரத்தின் விதை என்று கண்டுபிடித்துவிட்டால், மரநாய் முந்தின ராத்திரி யார் தோட்டத்துக்குப் போயிருந்தது என்பதும் தெரிந்துவிடும்!