முடியை வெட்டியது யார்?

"ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே" என்று மாணவர் எழுதுகிறார். தமிழில் "நேத்து முடி வெட்டினேன்" என்றால் முடிதிருத்தும் கடைக்குப் போய் வந்ததாகவே எடுத்துக்கொள்வோம். நம்மூர்ப் பேச்சு ஆங்கிலத்திலும் அப்படித்தான். தேர்வுத்தாளில் மட்டும் அது தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கிட்ட கதையாகிவிடும்!

பிறரைக் கொண்டு செய்தால் "ஐ ஹேட் மை ஹேர் கட்". ஹேவ், அடுத்துச் செயப்படுபொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். "ஐ ஹேட் மை கார் ரிப்பேர்ட்" என்பதும் இதே அமைப்புதான். வரிசையில் கவனம் வேண்டும். "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்று மாற்றினால் வெட்டியவர் மறுபடியும் நீங்களே.

நாம் கேட்காமல் நடந்ததும் இந்த அமைப்பில் வரும். "ஹி ஹேட் ஹிஸ் பேக் ஸ்டோலன்" என்றால் அவர் பை திருடு போயிடுச்சு. "திருட வைத்தார்" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.