அனுமதி கொடுக்குமுன்



"என்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எந்தச் செயலி எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்" என்று திருப்பதியில் நம்முடன் பயிலும் தோழர் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கைப்பேசியில் நம்முடையது மட்டுமா இருக்கிறது? சித்தூரிலிருக்கும் பெற்றோரின் எண்ணும், ஆசிரியரின் எண்ணும், தோழியரின் எண்களும் அங்கேதான் உள்ளன. தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால், அவர்களைக் கேளாமலேயே அவர்களையும் அயலாரிடம் ஒப்படைத்தவர்களாகிறோம்.

இதன் கொடுமையை ஆந்திரமும் தெலங்கானாவும் நன்கறியும். உடனடிக் கடன் தரும் செயலிகள் சில, கடன் பெற்றவரின் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவருடைய உற்றார் உறவினரை அழைத்து அவரை இழிவுபடுத்தின. அவமானம் தாளாது உயிர் நீத்தோரும் உண்டு. ஆகவே 2022 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடலாகாது என விதித்தது. எனினும், விதிக்கு அஞ்சாத செயலியை நாம்தான் தடுத்தாக வேண்டும்.

அதற்கு வழி எளிது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், செட்டிங்ஸ் பகுதியிலுள்ள 'பிரைவசி' என்பதனுள் 'பர்மிஷன் மேனேஜர்' என்றொரு பக்கம் உண்டு. இருப்பிடம், கேமரா, மைக், தொடர்புகள், குறுஞ்செய்தி ஆகிய ஒவ்வொன்றின் கீழும் அனுமதி பெற்ற செயலிகளின் பெயர்களைக் காணலாம். ஒவ்வொரு பெயரையும் நோக்கி, "உன் வேலைக்கு இது தேவையா?" என்று கேளுங்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வழிகாட்டும் வரைபடத்துக்கு இருப்பிடம் தேவை. அதுவும் பயன்படுத்தும்போது மட்டும் போதும். டார்ச் விளக்குக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? விளையாட்டுச் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? வங்கியின் ஓ.டி.பி. அங்கேயன்றோ வருகிறது!

மறுத்தால் செயலியே நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலும் அந்த ஒரு வசதி மட்டுமே நிற்கும். தேவைப்படும்போது மீண்டும் அனுமதிக்கலாம். ஆனால் முன்னரே எடுத்துச் சென்றதை, இன்று மறுப்பதால் மீட்க இயலாது. ஆதலின் செயலி கேட்கும் அக்கணமே சிந்திப்பது நலம். பணம் பறிக்கும் மோசடியில் எவரேனும் சிக்கினால், காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் செலவிடுவது நமக்கு அரிதன்று.