துப்பறியும் நாவலும் தேசத் தொண்டனும்

பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப விழைந்த சுப்பிரமணிய சிவா, 1925-ஆம் வருஷம் உயிர் நீத்த பாப்பாரப்பட்டி தர்மபுரி ஜில்லாவில் உள்ளது. அத்தகைய மண்ணில் மர்ம நாவல் படிப்பது காலவிரயம் என்று தொண்டர் சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

ராஜத்துரோக வழக்கில் சிவா தண்டிக்கப்பெற்ற 1908-ஆம் வருஷத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வெளிவந்தது. அதில் துப்பறியும் கோவிந்தன் செய்யும் காரியம் யாது? பிறர் சொல்லை அப்படியே நம்பாது, தடயத்தை நாடுகிறான். குற்றம் சாட்டுவது வேறு, அதனை ருசுப்படுத்துவது வேறு என்னும் பாடம் ஜனநாயகத்திற்கு இன்றியமையாதது. குற்றவாளியின் மனத்தை ஆராயும் நாவல்களோ, அத்தீமை நம் நெஞ்சிலும் பதுங்கியிருக்கக்கூடும் என எச்சரிக்கின்றன.

திகிலையே சரக்காக விற்கும் நூல்களும் உண்டு. அவை விலக்கத் தக்கனவே. ஆயினும், 1948-ஆம் வருஷப் பொது நூலகச் சட்டப்படி வரி செலுத்தும் ஜில்லாவாசிகள், நல்ல மர்ம நாவல்களைத் தம் நூலகங்களில் கேட்டுப் பெறுதல் வேண்டும். சாக்ஷியம் கேட்கப் பழகிய வாசகனை மேடையில் முழங்கும் எந்தக் கட்சியும் எளிதில் ஏமாற்ற இயலாது. நாம் சார்ந்த கட்சியும் அதற்கு விலக்கன்று.