எரிவாயு: பலன் யாருக்கு, அபாயம் யாருக்கு?

மணவாள நகரிலும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும் ஆலை வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அந்த ஆலைகளுக்கு எரிபொருள் இன்றியமையாதது. அயல்நாடுகள் ஏற்றுமதி செய்யும் இயற்கை எரிவாயு, பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 162 டிகிரி வரை குளிர்விக்கப்பட்டு, 600இல் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகக் கப்பலேறுகிறது. அதனை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையம், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்திறனுடன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் திறக்கப்பட்டது. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் அங்கிருந்து குழாய்வழி வாயு சென்றது.

பலன் குழாய்வழியே நெடுந்தூரம் பயணம் செய்கிறது. அபாயமோ அமைந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஏற்றுமதி நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 2004 ஜனவரி 19 அன்று கசிந்த வாயு வெடித்து 27 பேர் மாண்டனர். இயந்திரங்களை ஒட்டியே பணிமனைகளும் அலுவலகங்களும் இருந்தமை உயிரிழப்பைப் பெருக்கியது.

நம் எண்ணூரிலும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அது வேறு வாயுவே. எனினும் உறக்கத்திலிருந்த பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினர்.

ஆகவே, தொழில் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. புதிய திட்டம் வரும்போது கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். குடியிருப்புக்கும் கொள்கலனுக்கும் எவ்வளவு இடைவெளி? அபாயச் சங்கு நம் தெருவில் கேட்குமா? வெளியேறும் பாதை எது? இம்மூன்றையும் கேளுங்கள். பெண்களும் முதியோரும் அவற்றின் விடையை அறிந்திருத்தல் அவசியம். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.