பென்சிலினுக்கு மசியாத கிருமியை வகை பிரிப்பது ஏன்? எப்படி?

கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் 2005இல் தொடங்கிய கண்காணிப்பில், பிள்ளைகளிடம் பிடிபட்ட நியூமோகொக்கஸ் கிருமிகளில் பெரும்பாலானவை பென்சிலினுக்கு முழுமையாக மசியவில்லை. ஏன்? கிருமியின் சுவரைக் கட்டும் புரதங்களைப் பற்றிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துவதே பென்சிலின். ஆனால் நியூமோகொக்கஸ், தொண்டையில் கூடவே வாழும் வேறு ஸ்ட்ரெப்டோகொக்கஸ்களின் மரபணுத் துண்டுகளை உள்வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இதனால் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும். மருந்து சரியாக ஒட்டாது.

வகை பிரிப்பது எப்படி? 7 மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படித்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் தருவார்கள். ஏழு எண்களும் ஒத்துப்போனால் ஒரே வம்சம். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளைக்கும் கொட்டாஞ்சேனையில் இன்னொரு பிள்ளைக்கும் வந்த கிருமிகள் உறவா என்பதை இப்படி அறியலாம். பரவும் வம்சம் தெரிந்தால் மருந்தையும் தடுப்பூசியையும் சரியாகத் தெரிவுசெய்ய அது உதவும். வைத்தியர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி வாங்காதீர்கள். அப்படி வாங்கிப் பாவிப்பது மருந்துக்கு மசியாத வம்சங்களை வளர்க்கிறது.